கைக்குழந்தையை ஆற்றப் பழகுவது: பராமரிப்பவர்களுக்கான பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், பாட்டி தாத்தாக்கள், அங்கன்வாடி ஊழியர்கள், காப்பக ஆயாக்கள் ஆகியோருக்கு ஐந்து அமர்வுகளில் ஒரு பயிற்சி நடத்துகிறோம். அதில் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சேருவதற்கு முன் படித்துவிட்டு வந்தால், வகுப்பில் வேறு புதுக் கேள்விகளுக்கு நேரம் கிடைக்கும்.

பயிற்சி குழந்தைக்கா, பெரியவர்களுக்கா?

பெரியவர்களுக்கு. வகுப்பறையில் குழந்தையே இருக்காது. ஆளுக்கொரு அரிசி மூட்டை இருக்கும். நான்கு கிலோ, பழைய நூல் புடவையில் சுற்றியது, ஏறக்குறைய ஒரு மாதக் குழந்தையின் எடை. முதல் பத்து நிமிடம் எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவர் மூட்டைக்கு மற்றவர் பெயர் வைப்பார். அரை மணி நேரம் அதைத் தோளில் போட்டு நடந்த பிறகு சிரிப்பு நின்றுவிடும். தோள் காதுவரை ஏறியிருக்கும், மூச்சு மேல்மூச்சாகியிருக்கும், பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் குரலில் ஒரு கடுகடுப்பு வந்திருக்கும். மூட்டை அழவில்லை, வீட்டில் சமையல் காத்திருக்கவில்லை, மணி இரவு இரண்டும் இல்லை. அப்படியிருந்தும் உடம்பு இப்படி இறுகிவிட்டது. அந்த இறுக்கத்தைக் கவனித்து, அதை இறக்கிவிடப் பழகுவதுதான் ஐந்து அமர்வுகளிலும் நாங்கள் செய்வது.

"உணர்வுச் சீராக்கம்" என்று அறிவிப்பில் போட்டிருக்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

நூல்களில் வழங்கும் சொல் அது. நம் வீட்டுச் சொல் ஆற்றுதல். கொதிக்கும் பாலை இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுகிறோம். குழந்தையை ஆற்றுவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், அது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பால் தானாகவும் ஆறும், நேரமாகும். ஒரு தம்ளரை வைத்துக்கொண்டு ஆற்ற முடியாது, இரண்டு வேண்டும். இரண்டாவது தம்ளரும் கொதித்துக்கொண்டிருந்தால் எத்தனை முறை ஊற்றினாலும் பயனில்லை.

பசி, வலி, களைப்பு, பயம், அதிகச் சத்தம் இவற்றால் கலைந்துபோன குழந்தை மறுபடி நிதானத்துக்கு வருவதைத்தான் உணர்வுச் சீராக்கம் என்கிறார்கள். வளர்ந்த பிறகு இதை நாமே செய்துகொள்கிறோம்: எழுந்து நடக்கிறோம், தண்ணீர் குடிக்கிறோம், யாரிடமாவது புலம்புகிறோம். முதல் ஆண்டில் அதற்கு இன்னொரு உடம்பு தேவைப்படுகிறது.

பிறந்த குழந்தைக்குத் தானாக எதுவுமே செய்துகொள்ளத் தெரியாதா?

கொஞ்சம் தெரியும். கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் கை வாய்க்குப் போகும் வழியில் தவறிக் கண்ணில் குத்தும். கருவி இருக்கிறது, கைவசம் வரவில்லை. மூன்று மாதத்தை ஒட்டிப் பார்வையை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தொடங்கும். அப்போது வேடிக்கை காட்டி அழுகையை நிறுத்த முடிகிறது. ஒரு மாதக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டினால் எரிச்சல்தான் கூடும்.

முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது குழந்தை திரும்பிக்கொண்டால் "என்னைப் பிடிக்கவில்லை" என்று ஓர் அத்தை உண்மையிலேயே வருத்தப்பட்டார். அது "போதும், கொஞ்சம் இரு" என்பதற்கு அதனிடம் இருக்கும் ஒரே வழி. அந்தப் பக்கமாகப் போய் மறுபடி முகத்தைக் காட்டாமல் காத்திருந்தால், பெரும்பாலும் அதுவே திரும்பி வரும்.

முதல் அமர்வில் என்ன கற்றுக்கொடுப்பீர்கள்?

பார்க்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1973இல் பிறந்த குழந்தையின் நடத்தையை மதிப்பிட ஓர் அளவுமுறையை வெளியிட்டார். அதில் குழந்தையின் நிலைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: ஆழ்ந்த தூக்கம், மேலோட்டமான தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, பரபரப்பான விழிப்பு, அழுகை. இந்த ஆறையும் காணொளியில் காட்டி, "இப்போது எது?" என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.

இதனால் என்ன லாபம் என்றால், பாதிச் சிக்கல்கள் நிலையைத் தவறாகப் படிப்பதால் வருகின்றன. மேலோட்டமான தூக்கத்தில் குழந்தை முனகும், நெளியும், முகத்தைச் சுளிக்கும், சில நேரம் ஒரு கீச்சுக்குரல்கூட வரும். விழித்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்த் தூக்குகிறோம், அப்போதுதான் உண்மையிலேயே விழிக்கிறது. அதே போல, பேசவும் கொஞ்சவும் ஏற்ற நேரம் அமைதியான விழிப்பு. பரபரப்பான விழிப்பில் இருக்கும் குழந்தையிடம் ஐந்து பேர் சுற்றி நின்று கைதட்டினால் அடுத்தபடி அழுகைதான். பெயர் வைக்கும் விழாக்களில் மதியத்துக்கு மேல் குழந்தை வீறிடுவதற்குக் கண்ணேறுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது அமர்வில் அழுகைக்கு வருவோம். நம் மொழியே இங்கே ஒரு பாடத்திட்டம் வைத்திருக்கிறது: முனகல், சிணுங்கல், அழுகை, வீறிடல், அப்புறம் இறங்கும்போது தேம்பல், விம்மல். சிணுங்கலில் கவனித்தால் ஒரு நிமிடத்தில் ஆறும். வீறிடலுக்குப் போன பிறகு பால் கொடுத்தால்கூடக் குடிக்காது. வாயில் வைத்தால் உதறும். முதலில் ஆற்றிவிட்டுத்தான் பால். பசிக்கு அழுகை கடைசி அடையாளம். வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடுவதும் கையைச் சப்புவதும் அதற்கு முன்பே வந்திருக்கும்.

அழுகைச் சத்தத்தைக் கேட்டே பசியா, வலியா என்று சொல்லிவிட முடியுமா? அதற்குச் செயலி இருக்கிறதாமே?

திடீரென்று உச்சத்தில் தொடங்கி, நடுவில் மூச்சை இழுத்துப் பிடிக்கும் அழுகை பெரும்பாலும் வலி. இதைத் தவிர, சத்தத்தை மட்டும் வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அழுகை எவ்வளவு அவசரம் என்பதைச் சத்தம் சொல்லும், ஏன் என்பதைச் சூழ்நிலை சொல்லும்: கடைசியாகப் பால் குடித்தது எப்போது, எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது, யார் கையில் இருந்தது. அனுபவமுள்ள பாட்டிகள் "பசிக்குத்தான் அழுகிறது" என்று சரியாகச் சொல்வது காதால் மட்டும் இல்லை, மனத்தில் ஓடும் கடிகாரத்தாலும்தான். செயலிக்குச் செலவழிக்க வேண்டாம்.

அழும் குழந்தையை ஆற்ற ஏதாவது வரிசைமுறை உண்டா?

உண்டு. இந்தப் பயிற்சியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இதற்கும் அடிப்படை பிரேசல்டன் அளவுமுறைதான்.

முதலில் முகத்தை மட்டும் காட்டுங்கள், இருபது முப்பது சென்டிமீட்டர் தூரத்தில். பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது அவ்வளவுதான். பிறகு முகத்தோடு குரல். பிறகு மார்பிலோ வயிற்றிலோ ஒரு கையை வைத்து அசையாமல் இருப்பது. அப்புறம் உதறும் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து மென்மையாகப் பிடிப்பது. அதற்கும் ஆறாவிட்டால் தூக்குவது. தூக்கிய பின் ஆட்டுவது. கடைசியாகச் சப்பக் கொடுப்பது. இவை எல்லாம் பசியும் ஈரத்துணியும் இல்லை என்று உறுதியான பிறகு.

ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாங்கள் வகுப்பில் கடிகாரம் வைத்து அரை நிமிடம் நிற்கச் சொல்வோம். அந்த அரை நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். பதற்றத்தில் நாம் செய்வது என்ன? தூக்குகிறோம், குலுக்குகிறோம், முதுகில் தட்டுகிறோம், "ஏன்டா தங்கம்" என்று உரக்கக் கேட்கிறோம், மின்விசிறியைக் கூட்டுகிறோம், அதற்குள் இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். பத்து விநாடியில் ஆறு மாற்றம். குழந்தைக்கு எதைப் பற்றிக்கொள்வது என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. எந்தப் படியில் குழந்தை ஆறுகிறது என்பது உங்களுக்குத் தெரியவரும். சில குழந்தைகளுக்குக் குரலே போதும். சில குழந்தைகள் ஏழாவது படி வரை போகும். இது குழந்தைக்குக் குழந்தை மாறும் சுபாவம். உங்கள் வளர்ப்புக்கு யாரும் போடும் மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கிக்கொண்டே இருந்தால் கை பழகிவிடும் என்கிறார்களே?

எல்லா வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும் கேள்வி. சரி, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1972இல் சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 26 தாய்–சேய் இணைகளை ஓராண்டு வீட்டிலேயே கவனித்து எழுதிய ஆய்வு இருக்கிறது. முதல் மாதங்களில் அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஆண்டு இறுதியில் குறைவாக அழுதன என்பது அவர்கள் கண்டது. அதன் கணக்குமுறையை வேறு ஆய்வாளர்கள் பின்னர் கடுமையாகக் குறைசொன்னார்கள். 2020இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, சில நேரங்களில் அழவிட்ட குழந்தைகளுக்கும் பிற்பாடு கேடு எதுவும் தெரியவில்லை என்றது. ஆகவே "உடனே தூக்காவிட்டால் மனம் உடைந்துபோகும்" என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். ஆனால் முதல் மூன்று நான்கு மாதங்களில் தூக்குவதால் குழந்தை கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

தூக்குவது வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. கனடாவின் மான்ட்ரியாலில் ஹன்சிக்கர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அழாத நேரத்திலும் சேர்த்துக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுதன. இதில் "அழாத நேரத்திலும்" என்பதுதான் கவனிக்க வேண்டியது. அழுதால் மட்டும் தூக்குவது வேறு, இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பது வேறு. அதே பார் பிற்பாடு, ஏற்கெனவே மிக அதிகமாக அழும் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

நடந்துகொண்டு தூக்குவதற்கும் உட்கார்ந்து தூக்குவதற்கும் வித்தியாசம் உண்டு. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் குமி குரோடாவின் குழு, தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியவுடன் குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதை 2013இல் காட்டியது. 2022இல் அதே குழு ஒரு நடைமுறையும் சொன்னது: ஐந்து நிமிடம் நிற்காமல் நடை, தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு உட்காருதல், அப்புறம் படுக்கை. தூங்கியதும் உடனே கீழே போட்டால் விழித்துக்கொள்வது ஏன் என்று புலம்பும் எல்லோருக்கும் அந்த எட்டு நிமிடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தூளியில் போடலாமா?

ஆற்றுவதற்குத் தூளி அருமையான பொருள். ஒரே சீரான ஆட்டம், உடம்பைச் சுற்றி அணைப்பு, பக்கவாட்டு வெளிச்சம் மறைப்பு, மூன்றும் சேர்ந்து கிடைக்கிறது. ஆனால் இரவு முழுக்க ஆள் பார்க்காத தூக்கத்துக்கு வேண்டாம். வளைந்த துணியில் சிறு குழந்தையின் முகவாய் நெஞ்சில் ஒட்டி மூச்சுக்குழாய் மடங்கலாம், துணி முகத்தை மூடலாம். ஒரு வயது வரை தூங்க வைக்க ஏற்ற முறை, தலையணை இல்லாத, அமுங்காத சமதளத்தில் மல்லாக்க. தூளியில் ஆட்டி, கண் சொருகியதும் பாய்க்கு மாற்றுங்கள். புரளத் தொடங்கிய குழந்தை தூளியிலிருந்து விழுந்ததைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

மாலை ஐந்து மணி ஆனால் போதும், இரண்டு மணி நேரம் அழுகிறது. உரம் விழுந்திருக்குமா?

எத்தனை வாரக் குழந்தை என்று முதலில் கேட்பேன். இரண்டு வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தணிவது பொதுவான போக்கு. பிரேசல்டன் இதை 1962இலேயே தாய்மார்களின் நாட்குறிப்புகளை வைத்து வரைந்து காட்டினார். மாலையில்தான் அதிகம் என்பதும் அதில் இருக்கிறது. நன்றாகப் பால் குடித்து எடை கூடும் குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: கோலிக். 1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெசல் வகுத்த "மூன்று" கணக்கு அது. காரணம் இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை.

உரம் எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவது, தொக்கம் எடுப்பதாக வாயில் ஊதி உறிஞ்சுவது, வசம்பை உரைத்துப் புகட்டுவது இவையெல்லாம் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தையை உருட்டுவதிலும், மற்றவர் வாயிலிருந்து கிருமி போவதிலும், அளவு தெரியாத மருந்திலும் இருக்கும் ஆபத்து உண்மையானது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதில் கிரைப் வாட்டரும் சேராது. ஒரு வாரம் கழித்து அழுகை குறைந்ததும் "எடுத்த பிறகுதான் நின்றது" என்பார்கள். ஆறாவது வாரம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு. மே மாதத்தில் கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை, அதன் மேல் துண்டு என்று சுற்றப்பட்ட குழந்தை அழுவதற்கு உரம் வேண்டியதில்லை. பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், நிற்கவில்லை. எனக்கே கத்த வேண்டும்போல இருக்கிறது.

குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். பத்து நிமிடம். முகம் கழுவுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் குலுக்கினால், சில விநாடியில் மூளையிலும் விழித்திரையிலும் இரத்தம் கசிந்துவிடலாம், உயிரே போகலாம். குலுக்கிக் காயப்படுத்தும் சம்பவங்கள் அழுகை உச்சத்தில் இருக்கும் வயதை ஒட்டியே அதிகம் நிகழ்கின்றன. செய்பவர்களில் பலர் கொடியவர்கள் கிடையாது. தூங்காமல் களைத்துப்போனவர்கள்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் "பத்து நிமிடத் திட்டத்தை" எழுதிப் போக வேண்டும்: எங்கே படுக்க வைப்பேன், எங்கே போய் நிற்பேன், யாரைக் கூப்பிடுவேன். கூப்பிட ஆளில்லை என்று அந்த இடத்தை வெறுமையாக விட்ட ஒருவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் எண்ணை எழுதிக்கொடுத்தார்.

பிரசவித்த முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலோருக்கு உண்டு, தானே போய்விடும். அதற்கு மேலும் தொடர்ந்தால், குழந்தையைப் பார்க்கவே விருப்பமில்லாமல் போனால், தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையில் சரியாகக்கூடியது. அதைக் கண்டறிய உதவும், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104 அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அந்த நிமிடமே சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

கைபேசியைக் காட்டினால் உடனே நிறுத்திவிடுகிறதே, அதில் என்ன தவறு?

நிறுத்துகிறது, ஆறவில்லை. பிடுங்கிப் பாருங்கள், தெரியும். ஒரு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஆனால் வகுப்பில் நான் அதிகம் பேசுவது குழந்தையின் கையில் உள்ள கைபேசியைப் பற்றி இல்லை, நம் கையில் உள்ளதைப் பற்றி. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக்கின் குழுவினர் 1978இல் எழுதிய புகழ்பெற்ற சோதனையில், அம்மா குழந்தையோடு கொஞ்சிப் பேசிவிட்டு, திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், ஒலி எழுப்பும். பதில் வராதபோது முகத்தைத் திருப்பி, வாடிப்போகும். இரண்டு மூன்று நிமிடம்தான். இதை நாங்கள் பெரியவர்களுக்குள் செய்து பார்ப்போம். ஒருவர் தன் பெண்ணின் கல்யாணக் கதை சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் திரையிலிருந்து கண்ணெடுக்கக் கூடாது. நாற்பது விநாடிக்கு மேல் யாராலும் கதையைத் தொடர முடிந்ததில்லை. ஒரு பாட்டி எழுந்தே போய்விட்டார்.

இதைக் கேட்டுவிட்டுக் கண்கொட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சாதாரணமாக நன்றாகப் பழகும் தாயும் சேயும்கூட நேருக்கு நேர் இருக்கும் நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான் ஒத்திசைவில் இருக்கிறார்கள் என்பதும் ட்ரானிக் கண்டதுதான். மீதி நேரம் தவறவிடுவதும் மறுபடி பிடித்துக்கொள்வதும். தவறியது மறுபடி சேரும் என்று குழந்தை பழகுவதே அந்த மீதி நேரத்தில்தான்.

எனக்குத் தாலாட்டுப் பாடத் தெரியாது. குரலும் சரியில்லை.

குழந்தை ஸ்ருதி பார்க்காது. "ராராரோ ஆரிராரோ" இரண்டே வரி போதும், சுற்றிச் சுற்றி வரலாம். மான்ட்ரியாலில் நடந்த ஒரு சோதனையில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவை கேட்டறியாத துருக்கி மொழியில் பாட்டுப் போட்டார்கள். பாட்டுக் கேட்ட குழந்தைகள் ஒன்பது நிமிடம் போல அழாமல் இருந்தன. பேச்சுக் கேட்டவை அதில் பாதி நேரம்தான். மொழி தெரியாத, முகம் தெரியாத பாட்டுக்கே அவ்வளவு என்றால் உங்கள் குரலுக்கு என்ன குறை?

எனக்குப் பிடித்த இன்னொரு காரணமும் உண்டு. பாடுகிறவர் மூச்சை நீளமாக விட்டே ஆக வேண்டும். நீள மூச்சு விட்டால் தோள் இறங்கும். ஆக முதலில் ஆறுவது நீங்கள். வகுப்பில் ஆண்கள்தான் பாடக் கூச்சப்படுவார்கள். சினிமாப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தாலும் சரி என்போம்.

அப்பாக்கள் வரலாமா?

வர வேண்டும். பால் கொடுப்பதைத் தவிர மேலே சொன்ன எதற்கும் தாயின் உடம்புதான் வேண்டும் என்றில்லை.

குறைமாதக் குழந்தைக்கும் இதே முறையா?

இல்லை. குறைமாதக் குழந்தைக்கு ஒரே நேரத்தில் தொடுவதும் பேசுவதும் பார்ப்பதுமே அதிகமாகிவிடலாம். விரல்களை விரித்து உதறுவது, விக்கல், தும்மல், நிறம் மாறுவது இவை "தாங்கவில்லை" என்பதற்கான அடையாளங்கள். அப்போது எல்லாவற்றையும் நிறுத்தி, கையை மட்டும் வைத்திருங்கள். இவர்களுக்கு மிகச் சிறந்த வழி மார்போடு தோலில் தோல் படும்படி வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. வீடு திரும்பிய பின்பும் தொடரலாம், அப்பாவும் செய்யலாம்.

காப்பகத்தில் ஒரே ஆயா நான்கைந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் நடக்கிற காரியமா?

முழுதாக நடக்காது. ஆள் போதாத இடத்தில் பயிற்சி அந்தக் குறையை நிரப்பிவிடும் என்று நிர்வாகங்களிடம் நான் சொல்வதில்லை, அப்படி எதிர்பார்த்து அழைப்பவர்களிடம் முதலிலேயே தெளிவாக்கிவிடுவேன். இருக்கும் நிலையில் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் "இவர்தான்" என்று ஓர் ஆயா. உணவு, துணி மாற்றுவது, தூங்க வைப்பது மூன்றையும் முடிந்தவரை அவரே. ஒரு குழந்தைக்குத் துணி மாற்றும்போது இன்னொன்று அழுதால், கையால் முடியாது, குரலால் முடியும்: "கேட்டுச்சு கண்ணு, அத்தை வந்துட்டேன்" என்று அதன் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னபடி போகவும் வேண்டும். தினமும் அப்படிப் போனால், சில வாரங்களில் அந்தக் குரலுக்கே அழுகை ஒரு படி இறங்குவதைப் பார்க்கலாம்.

ஒரு குழந்தை அழுதால் மற்றவையும் தொடங்குவது உண்மை. அதனால் வீறிடும் குழந்தையை முதலில் கவனிப்போம், சிணுங்கும் குழந்தையை மறந்துவிடுவோம். சிணுங்குவது ஒரு நிமிடத்து வேலை என்பதால் சில நேரம் அதை முதலில் முடிப்பதே மொத்தத்துக்கும் லாபம். இதை வகுப்பில் மூட்டைகளை வைத்து நடித்துப் பார்ப்போம், சண்டையும் வரும். அப்புறம், அழுகை அடங்காமல் அரை மணி போன ஆயாவைக் கேள்வி கேட்காமல் இன்னொருவர் மாற்றிவிடும் வழக்கம் இருக்க வேண்டும். அதை விதியாகவே எழுதிவைக்கச் சொல்கிறோம்.

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறேன். குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவிவிடலாமா?

வேண்டாம். எட்டு ஒன்பது மாதத்தில் புதுமுகத்துக்குப் பயமும் பிரியும்போது அழுகையும் தலைதூக்கும். நழுவிப்போன அம்மாவைத் தேடும் குழந்தை, அடுத்த நாள் நீங்கள் குளியலறைக்குப் போனாலும் அழும். ஒரே சொல், ஒரே முத்தம், தினமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழும்தான். நீங்கள் திரும்பி மூன்று முறை வந்து எட்டிப் பார்க்காமல் இருந்தால், தனக்குத் தெரிந்த கைகளில் ஆறிவிடும்.

கிளம்பும்போது உங்கள் முகம் முக்கியம். 1985இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையின் மேல், கீழே பள்ளம் தெரிகிற இடத்தில் விட்டார்கள். எதிரில் நின்ற அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. சிரித்த முகம் காட்டியபோது 19இல் 14 கடந்துவிட்டன. காப்பக வாசலும் அப்படி ஒரு மேசைதான்.

முடிந்தால் வேலை தொடங்குமுன் ஒரு வாரம், முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். நீங்கள் கட்டிய பழைய நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் ஆயாவிடம் கொடுத்துவையுங்கள். விழித்திருக்கும்போது மட்டும், படுக்கையில் வேண்டாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், காப்பக வசதியும் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதியும் சட்டப்படி உங்கள் உரிமை.

மாமியார் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். என்ன செய்ய?

அவரையும் கூட்டிவாருங்கள். எங்கள் வகுப்பில் பாட்டிகளை மாணவிகளாக உட்கார வைப்பதில்லை, தாலாட்டும் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும் முறையும் சொல்லித்தரச் சொல்வோம். அவர்கள் கைகளில் இருக்கும் நிதானம் எந்தக் காணொளியிலும் கிடையாது. பத்து விஷயத்தில் எட்டு ஒத்துப்போகும் என்று தெரிந்தபின், வசம்பும் மூக்கில் எண்ணெய் விடுவதும் ஆகிய மீதி இரண்டைப் பேசுவது எளிது. மருமகள் வாயால் அதைச் சொல்லாமல் செவிலியர் வாயால் சொல்லவைப்பதும் ஒரு சாமர்த்தியம்.

எப்போது ஆற்றுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். பால் குடிக்க மறுப்பது. பச்சை நிறத்தில் வாந்தி. மலத்தில் இரத்தம். உச்சிக்குழி புடைத்திருப்பது. மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு. வழக்கமான அழுகையாக இல்லாமல் கூர்மையான கீச்சுக்குரலில் நிற்காத அழுகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும்.

காரணம் தெரியாத வீறிடலுக்கு முதலில் துணியை முழுக்கக் கழற்றிப் பாருங்கள். கால் விரலைச் சுற்றி ஒரு தலைமுடி இறுகியிருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு முடி அதிகம் கொட்டும் வீடுகளில் இது நடப்பதுண்டு, கண்ணுக்கே தெரியாது, விரல் வீங்கிச் சிவந்திருக்கும். தொடையிடுக்கில் புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அழாத குழந்தையையும் கவனியுங்கள். "தங்கம், சத்தமே போடாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கண் தொடரவில்லை, சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து உதவும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். கட்டணம் கிடையாது.

சான்றிதழ் உண்டா? தேர்வு இருக்குமா?

கலந்துகொண்டதற்கு ஒரு தாள் தருவோம், வேலைவாய்ப்புக்கு அது உதவாது. எழுத்துத் தேர்வு இல்லை. கடைசி அமர்வில் நான்கு கிலோ மூட்டையோடு இருபது நிமிடம் நடக்க வேண்டும், பின்னால் அழுகை ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும். முடிவில் பக்கத்தில் நிற்பவர் உங்கள் தோளில் கை வைத்துப் பார்ப்பார், இறுகியிருக்கிறதா என்று. இறுகியிருந்தால் அடுத்த குழுவோடு மறுபடி வரலாம், பணம் கட்ட வேண்டாம். நான் முதல் முறை நடந்தபோது என் தோள் கல் மாதிரி இருந்தது.